தலைவருக்கு முன்னாடி

பேஸ்பால் மைதானத்தின் வேலியோரமாக ஆண்கள் வரிசையாக நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு விவசாயியின் வெங்காயத்தாள் வயல். ‘தயவுசெய்து இங்கே வேண்டாம்’ என்று எழுதி அவர் நட்டு வைத்திருந்த பலகையின் கால் நனைந்து கறுத்திருந்தது. கழிப்பறை வரிசை மைதானத்தையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது; ஓட்டம் தொடங்க அதிக நேரமில்லை. பலகையைப் படிக்கும் மனநிலையில் யாரும் இல்லை.

வேலியோரம் நின்றவர்களில் தொகிதா மொரியோவும் ஒருவர். வயது அறுபத்து நான்கு. மினெகாவா நகர மராத்தான் தொடங்கிய ஆண்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில்தான் நின்றிருக்கிறார். ஆனால் பலகையை இன்றுதான் பார்த்தார். அது புதிய பலகை அல்ல. எழுத்து வெளிறி, ஓரம் உளுத்துப் போயிருந்தது.

பக்கத்தில் நின்றவர் குளிருக்காக ஒரு குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். அவர் பார்வை தொகிதாவின் மார்புக்குப் போனது.

"அட, தங்க எண்ணா" என்றார். இருந்த நிலையிலேயே பணிவாகத் தலை குனிந்தார். தொகிதாவும் இருந்த நிலையிலேயே பதிலுக்குக் குனிந்தார். நிமிரும்போது அவருக்குத் தன்மீதே ஏதோ ஒன்று குமட்டிக்கொண்டு வந்தது.

தங்க எண் என்பது ஒரு போட்டியைக்கூட விடாமல் ஓடி முடித்தவர்களுக்கு நகராட்சி கொடுக்கும் மார்பு எண். மற்றவர்களுக்கு வெள்ளைத் தாள், இவர்களுக்குத் தங்க நிறம். இது இருபத்தைந்தாவது போட்டி. இதையும் கெடு நேரத்துக்குள் முடித்துவிட்டால் அந்த எண் அவருக்கே நிரந்தரம். அவர் செத்த பிறகும் வேறு யாருக்கும் தரமாட்டார்கள். முதல் ஆண்டில் ஓடியவர்களில் விடாமல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தொகிதா. இன்னொருவர் அவருடைய ஓட்டக் கழகத்தின் தலைவர் மகாபே. கூரை ஓடு வியாபாரி, எழுபதைத் தாண்டியவர்.

காலையில் கிளம்பும்போது வீட்டு வாசலில் அவருடைய காலணியை எடுத்து வைத்தபடி மனைவி கினுயோ கேட்டாள்.

"என்னங்க, அந்தக் காலோடயா போறீங்க? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"எந்தக் காதுல?"

அவர் காலணி நாடாவை இறுக்கினார். வலது கெண்டைக்கால் இலையுதிர் காலத்திலிருந்தே சரியில்லை. கழகத்தில் யாருக்கும் இந்த மாதிரி விஷயம் ரகசியமுமில்லை, வெட்கமுமில்லை; எல்லோருக்கும் எங்காவது ஒன்று கிழிந்துதான் இருக்கும். மகாபேயின் கூரை ஓட்டுக் கிடங்குச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. அந்த மாதம் யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்பதைத் தலைவர் தம் கையால் அதில் எழுதுவார். முந்நூறைத் தொடாதவன் பெயர் சிவப்பில். ஓட்டம் எப்படி இருந்தது என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. "இந்த மாசம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.

கால் வீங்கிய மாதத்தின் கடைசி நாள் தொகிதா எலும்பு மருத்துவரிடம் போனார். ஓடவே கூடாது என்றார் மருத்துவர். வெளியே வந்த தொகிதாவுக்கு முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவது நினைவுக்கு வந்தது. காலில் புதிதாக ஒட்டிய மருந்துப் பட்டியோடு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தையே சுற்றி ஓடத் தொடங்கினார். ஊன்றுகோலோடு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வரவேற்பறைப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கினுயோ காரில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு சுற்று வரும்போதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மாதமும் அவர் பெயர் பலகையில் சிவப்பில் ஏறவில்லை.

அந்தக் கால் இன்று ஓட்டம் பாதி தாண்டியபிறகு, ஆற்றங்கரைப் பாலத்துக்குக் கீழே ஒரேயடியாகப் போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தொகிதா ஓரமாக ஒதுங்கித் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றபோதுதான் ஓட்டம் எப்படியிருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்த்தார்.

தண்ணீர்ப் பந்தலுக்கு அப்பால் சாலை முழுக்கக் காகிதக் கோப்பைகள் மிதிபட்டுக் கூழாகிக் கிடந்தன. ஓடும் தெம்புக்கான இனிப்புக் கூழ்ப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்து, உறிஞ்சி, எச்சிலோடு புல்லில் எறிந்தார்கள். ஒருவர் ஒரு நாசித் துளையை விரலால் அடைத்து மறு துளையைச் சாலையிலேயே காலிசெய்தார். அது பின்னால் வந்தவரின் தொடையில் விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வாழைப்பழத் தோல், வலி மருந்தின் கற்பூர நாற்றம், வியர்வை. கையுறை அணிந்த ஒரு கிழவி இடுக்கியால் இதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே, கடந்து போகிறவர்களைப் பார்த்து "விடாதீங்க, விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொகிதாவின் இடுப்புப் பையில் காலிப் பொட்டலம் எதுவும் இல்லை. அவரும் எறிந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

கரைக்கு அந்தப் பக்கம் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி இருந்தது. கினுயோவுக்குப் போன் பண்ணிக் காரைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று நொண்டிக்கொண்டே அங்கே போனார். வாசலில் காலணி அடுக்கில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடி இருந்தது. ஆரஞ்சு நிறம், அப்பம் போலத் தடித்த அடிப்பாகம். ஊரிலேயே அந்த விலைக்கு வாங்குகிறவர் ஒருவர்தான். நாடாவைப் பார்த்தார். நேரத்தைப் பதிவுசெய்யும் சிப்பை எல்லோரும் காலணி நாடாவில்தான் கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். இந்த நாடாவில் அது இல்லை.

"கழகத்துக்காரரா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண். "தலைவர் உள்ளதான் இருக்கார். இப்பத்தான் இறங்கினார்."

உடை மாற்றும் அறையைத் தாண்டி, தொகிதா ஓட்ட உடையோடேயே கண்ணாடிக் கதவைத் தள்ளினார். ஆவிக்கு நடுவே, மடித்த துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு மகாபே தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்திருந்தார். வெந்த ஆக்டோபஸ் மாதிரி சிவந்திருந்தார்.

"தொகிதாவா? துணியோட உள்ள வராதேப்பா. மத்தவங்களுக்கு அருவருப்பா இருக்கும்ல" என்றார்.

வேறு வழியில்லை. தொகிதா வெளியே போய் உடையைக் கழற்றினார். திரும்பி வந்து குட்டி மணையில் உட்கார்ந்தார். ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோம். ஆனாலும் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவாமல் தொட்டியில் இறங்க அவருக்குக் கால் வரவில்லை. தேய்த்துக் குளித்தார். தலைவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு காத்திருந்தார்.

தொட்டிக்குள் இறங்கியதும் மகாபே கேட்டார். "கால் போச்சா?"

"போச்சு."

"எங்க?"

"பாலத்துக்குக் கீழ."

"நல்ல இடம். பக்கத்துலயே வெந்நீர்."

"தலைவரே, உங்க சிப் எங்க?"

"நம்ம லாரிப் பையன் இசாகாகிட்ட இருக்கு." குடையைக் கடையில் மறந்து வைத்துவிட்டவர் மாதிரிச் சொன்னார். "முதல் அஞ்சு கிலோமீட்டர் நான் ஓடறேன். கூட்டம் இருக்கிற வரைக்கும். அப்புறம் சிப்பை அவன் தூக்கிட்டு ஓடுவான், மருமக என்னைக் கார்ல கொண்டுவந்து இங்க விட்டுடுவா. கடைசியில ஸ்டேடியத்துக்குப் பின்னாடி மறுபடி சேர்ந்துக்குவேன்."

"எத்தனை வருஷமா?"

"முழங்கால் போனதுலேர்ந்து. நாலு வருஷம் இருக்கும். கால் போதும்னு சொல்லுது. பேரு போதாதுன்னு சொல்லுது. என்ன பண்றது?"

"இது ஏமாத்து வேலை."

"யாரை? சொல்லு. பரிசுப் பணம் ஏதாவது வாங்கினேனா? எவனோட இடத்தையாவது பிடுங்கினேனா? இந்த வயசுலயும் ஒருத்தன் ஓடறான்னு ஊரே சந்தோஷப்படுது. மேயர் சந்தோஷப்படறார். ஸ்கூல்ல பிள்ளைங்க என்னைப் படமா வரையுது. இதுல யாருக்குய்யா நஷ்டம்?" என்று சிரித்தார்.

மகாபே தண்ணீருக்கு மேலே ஒரு பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பெருவிரல் நகம் கறுத்து, ஒரு பக்கம் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் மார்பில், பனியன் உரசாமலிருக்கக் காம்புகளின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகளில் ஒன்று ஊறிக் கழன்று மெதுவாக மிதந்து தொகிதாவின் தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொகிதா கையால் நீரைத் தள்ளினார். அது போய்விட்டுத் திரும்பி வந்தது.

"கேளு" என்றார் மகாபே. "உனக்கு இருபத்தஞ்சு வருஷம். இன்னும் பதினாறு கிலோமீட்டர். அதுக்காக எல்லாத்தையும் ஆத்துல விடப் போறியா? இன்னும் கொஞ்ச நேரத்துல இசாகா பாலத்துக்கு வருவான். உன்னோடதையும் குடுத்துடு. ஒண்ணு தூக்கறவனுக்கு ரெண்டு பாரமா? சாயங்காலம் மேடையில ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம். நீ இல்லாம நான் மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்?"

தொகிதா எழுந்தார். கோபத்தோடு எழுந்ததாகத்தான் அவர் நினைத்தார். துடைத்துக்கொண்டு, குளிர்ந்து ஈரமாகிப்போன ஓட்ட உடையை மறுபடி மாட்டினார். ஈரப் பனியன் முதுகில் ஒட்டியபோது செத்த மீனைத் தொட்ட மாதிரி உடம்பு கூசியது. காலணி அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சிப்பைக் கட்டியிருந்த கம்பியின் முறுக்கைப் பிரித்தார். போனை எடுக்கவில்லை. சிப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பாலத்துக்கு நொண்டிப் போனார்.

இசாகா வந்தான். மகாபேயின் ஓடுகளை லாரியில் ஏற்றி இறக்குகிறவன். முப்பதைக் கடந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கல்லூரியில் படித்தபோது அஞ்சலோட்ட அணியில் இருந்தவன். மனது வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய கால்கள். அந்தக் கால்கள் இப்போது ஒரு கிழவரின் வேகத்தில், கிழவர் அடியெடுத்து வைக்கிற மாதிரியே வந்துகொண்டிருந்தன. பந்தலில் கோப்பையை எடுக்கிறவன் மாதிரி, நிற்காமலே கையை நீட்டினான். யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தொகிதா சிப்பை அந்தக் கையில் வைத்தார். இசாகா வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் நடந்தான்.

"உங்களுக்கு எந்த நேரம் வேணும், தொகிதா சான்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"என்ன?"

"தலைவர் நாலே கால் மணி நேரத்துலன்னு சொல்லியிருக்கார். ரெண்டு சிப்பும் ஒரே நொடியில பதிஞ்சுதுன்னா சந்தேகம் வரும். அதனால கொஞ்சம் தள்ளித்தான் போகணும். ஒண்ணை வெச்சுக்கிட்டு நின்னு, அப்புறம் அடுத்தது. நீங்க முன்னாடியா, பின்னாடியா?"

"தலைவருக்கு முன்னாடி" என்றார் தொகிதா.

யோசிக்கவே இல்லை. இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது.

இசாகா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். "எவ்வளவு முன்னாடி? பத்து செகண்டு போதுமா?"

தொகிதாவுக்குக் காலையில் தின்ற அரிசி அப்பமும் வழியில் உறிஞ்சிய கூழும் தொண்டைவரை வந்து நின்றன. மகாபேயாவது ஊர் வாயில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று திருடினார். இவருக்குத் திருட்டிலும் பத்து நொடி முந்தவேண்டியிருந்தது. தொட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரை, தாமும் ஓடாமல், வென்றாகவேண்டியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஓடிய நாளில் கினுயோ எதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பது இப்போது அவருக்கே தெரிந்தது. அது இதுதான்.

"குடு அதை" என்றார்.

"வேண்டாமா?"

"குடுப்பா."

இசாகா திருப்பிக் கொடுத்தான். ஏமாற்றமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஒரு பொட்டலம் இறங்கவேண்டிய வீடு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"நீ உனக்காக ஓடி எத்தனை நாளாச்சு?" என்று தொகிதா கேட்டார்.

"வேலையில சேர்ந்ததுலேர்ந்து இல்ல." கொஞ்சம் யோசித்து இசாகா சொன்னான். "போன வருஷம் மறந்துபோய் வேகமா ஓடிட்டேன். கிழவருக்கு மூணரை மணி நேரம்னு வந்துடப் போகுதேன்னு கோட்டுக்கு முன்னாடி கழிப்பறைக்குள்ள போய் உக்காந்திருந்தேன். சரி, வரேன். நின்னா உடம்பு ஆறிடும்."

அவன் போனான். தொகிதா குனிந்து சிப்பை நாடாவில் மறுபடி கட்டினார். கம்பி நகக்கண்ணில் ஏறியது. பிறகு, விட்ட இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கினார்.

இருபத்தைந்து ஆண்டில் இந்தச் சாலையில் அவர் நடந்ததே இல்லை. நடக்கிறவர்களை அவர் ஓட்டக்காரர்களாகக் கணக்கில் எடுத்ததும் இல்லை. கழகத்தில் அவர்களுக்கு ‘சுற்றுலாக் கோஷ்டி’ என்று பெயர். இப்போது அந்தக் கோஷ்டி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தர்ப்பூசணி வேஷம் போட்ட ஒருவன், கைகோத்த ஒரு தம்பதி, போனில் யாரோடோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போன ஒரு பெண். அவருக்கு அவர்கள்மேல் புதிதாகப் பாசம் ஒன்றும் பிறந்துவிடவில்லை. தர்ப்பூசணியின் வியர்வை நாற்றம் அவன் போய் வெகு நேரம் கழித்தும் அங்கேயே நின்றது. தங்க எண்ணைப் பார்த்தவர்கள் மட்டும் "பெரியவரே, விடாதீங்க" என்றார்கள். விடாமல் இருந்ததால்தான் இந்தக் கதி என்று நினைத்துக்கொண்டார்.

குறித்த நேரத்துக்குப் பிறகு அடைத்துவிடும் கெடு வாசல்கள் வழியில் இருந்தன; ஒன்றை எப்படியோ நேரத்துக்குள் தாண்டிவிட்டார். அடுத்தது தூரத்தில் தெரிந்தபோது கால் மரக்கட்டையாகியிருந்தது. வாசலில் இரண்டு பேர் கயிற்றோடு தயாராக நின்றார்கள். பக்கத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டு அள்ளு வண்டி நின்றது. நேரத்துக்குள் வராதவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் பேருந்து. அவருக்குச் சற்று முன்னால், ஐம்பது வயது இருக்கும், பருமனான ஒரு பெண் தொடையைக் கையால் குத்திக்கொண்டே ஓட முயன்றுகொண்டிருந்தாள். விசில் ஒலித்தது. கயிறு குறுக்கே வந்தது. அந்தப் பெண் அதில் மோதாத குறையாக நின்றாள்.

"மன்னிக்கணும், நேரம் முடிஞ்சுது" என்று நகராட்சி மேலங்கி அணிந்த அதிகாரி அவளைக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது தொகிதாவைப் பார்த்தார். மார்பைப் பார்த்தார். முகம் மாறியது.

"தொகிதா சானா? வாங்க, வாங்க. சாயங்காலம் விழாவே உங்களுக்காகத்தான்." குரலைத் தாழ்த்தி, கயிற்றை ஒரு முழம் தூக்கினார். "நாங்க இந்தப் பக்கம் திரும்பிக்கிறோம். நீங்க பாட்டுக்குப் போங்க."

"அவரு எனக்குப் பின்னாடிதானே வந்தாரு?" என்றாள் அந்தப் பெண். சண்டைக்குக் கேட்கவில்லை; புரியாமல்தான் கேட்டாள்.

அதிகாரி காதில் விழாதவர் மாதிரிச் சிரித்தார். தொட்டிக்குள் மகாபே சிரித்ததும் இப்படித்தான். எல்லோருக்கும் நல்லதையே செய்கிற சிரிப்பு. கயிறு இன்னும் தூக்கினபடியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் காலிச் சாலை. மிச்ச தூரத்தை நொண்டிக்கொண்டே போனாலும் இவர்கள் ஒவ்வொரு வாசலிலும் திரும்பித்தான் நிற்பார்கள் என்று தொகிதாவுக்குத் தெரிந்தது. எண் நிரந்தரமாகிவிடும்.

"ஆமா, பின்னாடிதான் வந்தேன்" என்றார். வலது காலை முன்னால் நீட்டினார். "இந்தச் சிப்பை வெட்டிடுங்க. என்னால குனிய முடியாது."

"தொகிதா சான், இருபத்தஞ்சு வருஷம்..."

"வெட்டுங்க."

பேருந்துக்குள் திரைகள் மூடியிருந்தன. ஈரச் சாக்ஸ் நாற்றம், கற்பூர நாற்றம், யாரோ வாந்தியெடுத்த புளிப்பு. கம்பளிக்குள் சுருண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்தப் பெண் மட்டும் அவர் பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஹமானோ என்று பெயர் சொன்னாள். பள்ளிச் சமையலறையில் வேலையாம்.

"மூணாவது தடவை. போன வருஷம் இதுக்கு முந்தின வாசல்லயே அள்ளிட்டாங்க" என்றாள். பையிலிருந்து நசுங்கிய சோற்று உருண்டையை எடுத்து வாய் நிறையத் தின்றாள். மெல்லும் சத்தம் கேட்டது. தொகிதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசத்துக்கு எவ்வளவு ஓடுவீங்க?" என்று கேட்டுவிட்டார். வாய் பழகிவிட்டது.

"யாருக்குத் தெரியும்? மழை பெய்யாத அன்னைக்கு ஓடுவேன்." அவள் உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதை வாயில போட்டுக்குங்க. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

அவள் விரலில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. தொகிதா ஒரு கணம் தயங்கி, வாங்கிப் போட்டுக்கொண்டார். புளிப்பில் கண் மூடியது. காலையிலிருந்து தொண்டையிலேயே நின்றது கொஞ்சம் கீழே இறங்கியது.

ஸ்டேடியத்தை நெருங்கும்போது ஒலிபெருக்கி கேட்டது. இருபத்தைந்து ஆண்டும் விடாமல் ஓடி முடித்த ஒரே மனிதர், நிரந்தர எண்ணைப் பெறுகிறவர், திரு. மகாபே. கைதட்டல். பள்ளிப் பிள்ளைகளின் மத்தளம்.

பேருந்தில் சிலர் கம்பளியை விலக்கிக் கைதட்டினார்கள். ஹமானோவும் தட்டினாள்.

"எழுபது வயசுக்கு மேலயாமே. என்ன மனுஷன்!"

"அந்தாளு குளிச்சிட்டிருந்தாரு" என்றார் தொகிதா.

"என்னது?"

"வெந்நீர்த் தொட்டியில. நானும் கூட இருந்தேன்."

ஹமானோ அவரைப் பார்த்தாள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படி ஒரு நகைச்சுவைப் பேர்வழியோடு வண்டியில் வருவோம் என்று நினைக்கவே இல்லை என்றாள். முன் இருக்கைக்காரரைத் தட்டி அவருக்கும் சொன்னாள். அவரும் சிரித்தார். நாளைக்குத் தொகிதா மேயர் அலுவலகத்திலும் இதைச் சொல்லத்தான் போகிறார். அங்கேயும் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று தோன்றியது. கிடங்குப் பலகையில் தம் பெயரைத் தாமே அழித்துவிட்டு வரவேண்டும். கால் ஆறியபிறகு, ஓடினால், மழை பெய்யாத அன்றைக்கு ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம்.

வாயில் பழத்தின் கொட்டை மிச்சமிருந்தது. துப்புவதற்கு இடம் தேடினார். தரையில் துப்ப மனமில்லை. இன்றைக்குப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. ஜன்னல் திறக்காத வண்டி. மார்பிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தங்க எண்ணை எடுத்தார். கொட்டையை அதில் துப்பி, நாலாக மடித்து, இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார்.